கையடக்கக் கணினியின் கதை – 7: அமாவாசை காட்டாத டைரி

சென்ற வாரம் ஆப்பிளின் நியூட்டன் வரைக்கும் வந்திருந்தோம். 1993இல் ஆரவாரமாக வந்து, 1998 பிப்ரவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட கருவி அது. இந்த வாரம் அமெரிக்காவைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு எங்கள் ஊருக்கு வருகிறேன். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற வழியில், குண்டாற்றங்கரைப் பக்கம் இருக்கிற காரியாபட்டி.

பஜாரில் எங்கள் பெரியப்பா நவதானியக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்கு நேர் மேலே சிவகாசித் தினசரி காலண்டர் தொங்கும். காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, முதல் வேலையாக நேற்றைய தாளைக் கிழிப்பார். கிழித்த தாளை எறியமாட்டார். முதுகுப்பக்கம் வெறுமையாக இருக்குமல்லவா, அதில் அன்றைய சிட்டை எழுதுவார். கல்குறிச்சிக்கு உளுந்து இரண்டு மூட்டை, மல்லாங்கிணறுக்குத் துவரை ஒன்று, பாக்கி இவ்வளவு. ராத்திரி பேரேட்டில் ஏற்றியபின் அந்தத் தாள் ஆணியில் கோக்கப்படும். புது வருசத்துக்குப் பட்டாசு ஏஜென்ட் கொடுத்த ரெக்சின் அட்டை டைரி ஒன்று கல்லாவுக்குள் இருக்கும். அது பெரும்பாலும் விலாசத்துக்கும் போன் நம்பருக்கும்தான்.

கையடக்க டிஜிட்டல் டைரியின் வரலாற்றை எழுத வந்தவன் தாள் காலண்டரைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தக் கருவிகள் எதற்குப் பதிலாக வந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வட்டாரத்தில் நாளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது சிவகாசி. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது அந்த ஊர் அச்சகங்களின் வழக்கம். மாதிரி பார்த்து, கடைப்பேர் போட ஆர்டர் கொடுத்து, மார்கழிக்குள் கட்டுக்கட்டாகச் சரக்கு வந்துவிடும். உள்ளங்கை அகலத் தாள் ஒன்றில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, நட்சத்திரம், திதி, ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம், சந்திராஷ்டமம், பன்னிரண்டு ராசிக்கும் ஒரு சொல் பலன். இத்தனையும் ஓரக்கண்ணில் படித்துவிடலாம். திரையில் விவரங்களை அடுக்கிக் காட்டும் மென்பொருள்காரர்கள் யாரும் இந்தத் தாளைப் பாடமாக வைத்துக்கொள்ளலாம் என்று நான் மனதாரச் சொல்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியப்பாவின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு டிஜிட்டல் டைரி கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு இருக்கும். மூடியைத் திறந்தால் மேலே சாம்பல் நிறத் திரை, கீழே சின்னச் சின்ன ரப்பர் பொத்தான்கள். எல்லாம் ஆங்கில எழுத்து. பள்ளியில் படித்துக்கொண்டிருந்த என்னிடம்தான் பெயர் ஏற்றும் வேலை வந்தது. முத்துச்சாமி மட்டும் எங்கள் கணக்கில் நாலு பேர். ஊர்ப்பெயரை முன்னால் போட்டு ஆங்கில எழுத்தில் அடித்தால் ஆளின் பெயர் திரையைத் தாண்டி ஓடிவிடும். ஆளின் பெயரை முன்னால் போட்டால் நாலு முத்துச்சாமியும் ஒன்றுபோலத் தெரிவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் உட்கார்ந்து எண்பது பெயருக்கு மேல் ஏற்றினேன்.

பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏப்பா, இதுல அமாவாச எப்பன்னு காட்டுமா?”

“காட்டாது பெரியப்பா. இங்கிலீசு தேதிதான் இருக்கு.”

“அப்பச் செவத்துக் காலண்டரக் கழட்டிராத.”

அவருக்கு அமாவாசை சாமி விஷயம் மட்டுமில்லை. எந்த நாளில் யார் கடை அடைப்பார்கள், எந்த நாளில் புதுக்கணக்குப் பேசமாட்டார்கள், எந்த நாளில் வண்டி ஏற்றமாட்டார்கள் என்பதெல்லாம் திதியை வைத்துத்தான் ஓடும். அது வியாபார நாட்காட்டி.

ஒரு வருசம் ஓடியிருக்கும். திரை மங்கியது. ஒருநாள் காலையில் எதுவுமே தெரியவில்லை. மதுரையில் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனோம். வட்டச் செல்லை மாற்றினார். கருவி உயிர்பெற்றது, பெயர்கள் வரவில்லை. “உள்ள ரெண்டு செல் இருக்கு அண்ணாச்சி. ரெண்டும் போயிருச்சுன்னா உள்ள இருக்கிறதும் போயிரும்” என்றார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து ரெக்சின் டைரியை எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் அப்படித்தான் கட்டப்பட்டிருந்தன. ஏற்றிய விவரம் நின்ற நினைவகச் சில்லுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். ஒரு செல் கருவியை ஓட்டும், இன்னொன்று செல் மாற்றுகிற நேரத்தில் நினைவைக் காக்கும். இரண்டும் ஒருசேரத் தீர்ந்தால் எல்லாம் போச்சு. செல் மாற்றும் முறை கையேட்டில் இருந்திருக்கும். ஆனால் கையேடும் ஆங்கிலத்தில்தானே வந்தது.

இந்த டைரி யோசனைக்கு ஓர் இந்தியப் பெயர் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒடிசாவின் திட்லாகரில் பிறந்து, அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகப் பொறியாளராக இருந்த சாம் பிட்ரோடா 1975இல் ‘மின்னணு டைரி’ ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1976 டிசம்பரில் கிடைத்தது. பிற்பாடு சி-டாட் வழியாக நம் கிராமங்களுக்குத் தொலைபேசி இணைப்பகம் கொண்டுவந்தவரும் அவரே. 1983இல் கேசியோ தன் முதல் டிஜிட்டல் டைரியை விற்றது. 1984இல் லண்டனில் டேவிட் பாட்டரின் சையான் நிறுவனம் ‘ஆர்கனைசர்’ என்ற பெயரிலேயே ஒரு கருவியைக் கொண்டுவந்தது. ஒற்றை வரித் திரை, அகர வரிசையில் ஆங்கில எழுத்துகள். விவரத்தைச் சேமிக்க ஒரு சின்னப் பெட்டி செருக வேண்டும். அதை அழிக்கவேண்டுமென்றால் புறஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் ஷார்ப்பின் ‘விசார்ட்’ வந்தது. எங்கள் பெரியப்பா கைக்கு வந்ததும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

பிறகு 1996. பாம் பைலட்.

ஜெஃப் ஹாக்கின்ஸ் கருவியைச் செய்யுமுன் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சீவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லும் கதை. கூட்டத்தில் யாராவது நாள் கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராம். எத்தனை தட்டில் வேலை முடிகிறது என்று எண்ணுவதுதான் நோக்கம். அந்த எண்ணிக்கை மென்பொருளில் அப்படியே தெரிந்தது. கீழே நாலு பொத்தான்: நாட்குறிப்பு, விலாசம், செய்ய வேண்டியவை, குறிப்புகள். அழுத்திய மாத்திரத்தில் திறக்கும். காத்திருப்பு கிடையாது. 160க்கு 160 புள்ளித் திரை, 16 மெகாஹெர்ட்ஸ் மோட்டரோலா சில்லு, மலிவான மாதிரியில் 128 கிலோபைட் நினைவகம், இரண்டு பென்சில் பேட்டரி. இன்றைக்கு ஒரு வாட்ஸப் படத்துக்கே அந்த நினைவகம் போதாது. அதற்குள் ஒரு மனிதனின் வருசத்தையே அடக்கியிருந்தார்கள். சிக்கனத்தில் அதற்கு இணையான மென்பொருளை நான் பார்த்ததில்லை.

பெரியப்பாவின் நோய்க்கும் அதில் மருந்து இருந்தது. கருவியைத் தாங்கும் ‘தொட்டிலில்’ வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா விவரமும் மேசைக் கணினிக்கு ஒரு பிரதியாகப் போய்விடும். கருவி செத்தாலும் பெயர்கள் சாகா. ஆனால் அதற்கு மேசையில் ஒரு கணினி வேண்டும். 1996இல் காரியாபட்டியில் எந்தக் கடை மேசையில் கணினி இருந்தது? பாம் மனதில் வைத்திருந்த ஆள் அலுவலகத்தில் கணினி வைத்திருப்பவர், கூட்டங்களுக்குப் போகிறவர், ஆங்கிலத்தில் எழுதுகிறவர். அவருக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை அது. நமக்குப் பொருந்தவில்லை என்று தையல்காரரைக் குறை சொல்ல முடியாது.

தமிழை அதில் நுழைப்பது எளிதில்லை. பாமின் எழுதும் முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் பேனாவை எடுக்காமல் ஒரே கோடு. ‘கோ’ என்று நாம் எழுதும்போது என்ன நடக்கிறது பாருங்கள். கொம்பு முன்னால், ககரம் நடுவில், கால் பின்னால். வாயில் முதலில் வருவது க், கையில் முதலில் வருவது கொம்பு. எந்த வரிசையில் சேமிப்பது, எந்த வரிசையில் வரைவது என்பதை இயங்குதளமே அறிந்திருக்க வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்று ஐரோப்பிய மொழிகளை நம்பிக் கட்டிய தளத்துக்கு அந்த அறிவு இல்லை. திரையிலும் இடமில்லை. வரிக்குப் பத்துப் பதினோரு புள்ளி உயரத்துக்குள் ‘ணூ’வையும் ‘ஜீ’யையும் தெளிவாக வரைந்து காட்டச் சொன்னால் எந்த எழுத்துரு வடிவமைப்பாளரும் யோசிப்பார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் விசைப்பலகைக்கே நாம் ஓர் ஒழுங்கு கண்டோம். கையடக்கக் கருவிக்கு நேரம் இருக்கவில்லை.

இந்த இடத்தில்தான் பெங்களூருக்குப் போகவேண்டும். இந்தத் தொடரில் எனக்கு மிக நெருக்கமான அத்தியாயம் இது.

1998 அக்டோபரில் பெங்களூரில் வளரும் நாடுகளுக்கான தகவல் தொழில்நுட்பம் பற்றி ஒரு கருத்தரங்கு கூடியது. கிராமத்து மக்களுக்கு ஏற்ற கணினி ஒன்று வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுந்தது. பேச்சோடு விடாமல் செய்ய இறங்கியவர்கள் ஏழு பேர். இந்திய அறிவியல் கழகத்தின் கணினியியல் பேராசிரியர்களான சுவாமி மனோகர், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன், வி. வினய். என்கோர் சாஃப்ட்வேரைச் சேர்ந்த வினய் தேஷ்பாண்டே, ஷஷாங்க் கார்க், மார்க் மத்தியாஸ். 1999 நவம்பரில் லாபநோக்கில்லாத ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். எளியது, மலிவானது, பல மொழி அறிந்தது என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கணினியோடு ஒட்டிச் சிம்ப்யூட்டர் என்று பெயர் வைத்தார்கள். 2001 ஏப்ரல் 25 அன்று கருவியை வெளியே காட்டினார்கள். குறி வைத்த விலை ஏறத்தாழ 9,000 ரூபாய்.

வெளித்தோற்றத்தில் பாமின் ஒன்றுவிட்ட அண்ணன் போலத்தான் இருந்தது. 320க்கு 240 புள்ளித் தொடுதிரை, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சில்லு, லினக்ஸ் இயங்குதளம், மூன்று சிறிய பேட்டரி. வித்தியாசம் எல்லாம் யாரை மனதில் வைத்துச் செய்தார்கள் என்பதில் இருந்தது.

முதலாவது, இது ஒருவருக்கான கருவி என்று அவர்கள் எண்ணவில்லை. ஒன்பதாயிரம் ரூபாய் ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்குப் பெரிய பணம். ஆகவே பஞ்சாயத்து அலுவலகத்திலோ பள்ளியிலோ பெட்டிக்கடையிலோ ஒரு கருவி இருக்கும், ஊரே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் என்று திட்டமிட்டார்கள். அப்படியானால் என் கணக்கை அடுத்தவர் பார்க்காமல் இருப்பது எப்படி? அதற்காகச் சிம்ப்யூட்டரில் ஸ்மார்ட் கார்டு செருகும் வாய் வைத்தார்கள். கருவி ஊருக்குப் பொது, கார்டு எனக்குச் சொந்தம். கார்டைச் செருகினால் அது என் டைரி. உருவினால் அடுத்தவருக்கு. உலகமே கையடக்கக் கருவியைத் ‘தனிநபர் உதவியாளன்’ என்று அழைத்துக்கொண்டிருந்தபோது, அதை ஊர்க் கிணறு மாதிரி நினைத்துப் பார்த்தவர்கள் இவர்கள்.

இரண்டாவது, எழுதப்படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும் என்று நினைத்தார்கள். திரையில் இருப்பதைக் கருவி வாய்விட்டுப் படிக்கும். பதிவுசெய்த சின்னச் சின்ன ஒலித்துண்டுகளைக் கோத்துச் சொல்லாக்கும் முறை. நம் மொழிகளில் எழுத்தும் ஒலியும் நெருங்கி நிற்பதால், சிறிய நினைவகத்துக்குள் இது சாத்தியப்பட்டது. தகவல் பக்கங்களை எழுதுவதற்கென்றே ஐ.எம்.எல். என்று ஒரு குறிமொழியையும் உண்டாக்கினார்கள். முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட மொழிகளில் இந்தி, கன்னடத்தோடு தமிழும் இருந்தது. கருவி விற்றுப் பல வருசம் கழித்து ஒட்டவைத்த தமிழ் இல்லை இது. வரைபடத்திலேயே இடம்பெற்ற தமிழ்.

வடிவமைப்பையும் பூட்டிவைக்கவில்லை. கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றால் யாரும் தயாரிக்கலாம், வளரும் நாட்டு நிறுவனங்களுக்குக் கட்டணம் குறைவு, மேம்படுத்தினால் அந்த மேம்பாட்டைப் பொதுவுக்குத் திருப்பித்தர வேண்டும். மென்பொருளில் பழக்கமான அந்தத் தர்மத்தை வன்பொருளுக்குக் கொண்டுவந்த முயற்சி அது. 2001ஆம் ஆண்டின் முக்கியக் கணினிப் புதுமை இதுதான் என்று எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்.

கடைக்கு வருவதற்குள் மூன்று வருசம் ஓடிவிட்டது. 2004 மார்ச்சில், பேராசிரியர்கள் தொடங்கிய பிகோபேட்டாவும் பொதுத்துறையான பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தன. கறுப்புவெள்ளைத் திரை மாதிரி 9,950 ரூபாய், வண்ணத் திரை ஏறத்தாழ இருபதாயிரம். கையை அசைத்தால் பக்கம் புரளும்படி அசைவை உணரும் சில்லு ஒன்று உள்ளே இருந்தது. அசைவை உணரும் சில்லோடு ஐபோன் வந்து உலகம் வியந்தது 2007இல். கர்நாடகத்தில் நில ஆவண வேலைக்கும் சத்தீஸ்கரில் பள்ளிப் பரிசோதனைக்கும் சிம்ப்யூட்டர் போனது. அரை லட்சம் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், 2005 வாக்கில் விற்றிருந்தது ஏறக்குறைய 4,000.

ஏன்? செல்போன் என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். 2003 மே முதல் உள்வரும் அழைப்புக்குக் காசில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போன் கொடுத்தது. அந்த ஆண்டே டார்ச் விளக்கு வைத்த நோக்கியா 1100 வந்தது. ஐந்நூறு ரூபாயில் பேசவே முடியும்போது பத்தாயிரம் கொடுத்துப் பேசாத கருவியை எந்தப் பெட்டிக்கடைக்காரர் வாங்குவார்? பத்து லட்சம் செய்தால்தான் விலை இறங்கும், விலை இறங்கினால்தான் பத்து லட்சம் விற்கும் என்ற முடிச்சை அறக்கட்டளையால் அவிழ்க்க முடியவில்லை.

ஆனால் என் மனதில் உறுத்துவது வேறொன்று. கருவிக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தது. படிக்க என்ன கொடுத்தோம்? விருதுநகர்ச் சந்தையில் இன்றைக்கு வத்தல் என்ன விலை, உளுந்து என்ன விலை, குண்டாற்றில் தண்ணீர் எப்போது வரும், அமாவாசை எந்த நாள்? அமாவாசை ஒன்றும் கடினமான கணக்கில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே 12 பாகை விலகினால் ஒரு திதி, 30 திதி ஒரு சுற்று, இரண்டும் ஒரே பாகையில் சேர்வது அமாவாசை. பாம் பைலட்டின் சில்லுக்கே அந்தக் கணக்குப் போடும் வலு இருந்தது. பெரியப்பாவின் கேள்விக்கு விடை தராமல் போனதற்குச் சில்லு காரணமில்லை. அவரைப்போல ஓர் ஆள் அதைக் கையில் எடுப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்தவர்கள் ஏழு பேர் கருவியைச் செய்து நீட்டினார்கள். அதற்குள் இட்டு நிரப்ப வேண்டிய நம் ஊர்ச் சரக்கை அரசும் பல்கலைக்கழகங்களும் பத்திரிகைகளும் ஆயத்தம் செய்யவில்லை. இது என் தீர்ப்பு. நாங்கள் எழுதுகிறவர்களும் அந்தக் குற்றத்தில் பங்காளிகள்தான்.

சிம்ப்யூட்டர் முழுக்க மறைந்துவிடவில்லை. என்கோர் நிறுவனம் ராணுவத்துக்காக ‘சாத்தி’ என்ற கையடக்கக் கருவியாக அதை வளர்த்தது. நாடு தழுவிய 2011 சமூகப் பொருளாதார சாதிக் கணக்கெடுப்புக்கு லட்சக்கணக்கில் கைக்கணினிகள் செய்துகொடுத்தது அதே பாரத் எலெக்ட்ரானிக்ஸ். தமிழ்ப் பக்கம், மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005இல் ‘செல்லினம்’ வழியாகக் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கினார். அது தனி அத்தியாயம். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஸ்மார்ட் குடும்ப அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்றபோது கவனித்தேன். விற்பனையாளர் கையில் ஒரு கருவி, ஊருக்கே பொது. வருகிறவர் ஒவ்வொருவர் கையிலும் அவரவர் அட்டை. பெங்களூரில் ஏழு பேர் வரைந்து பார்த்த காட்சி அது. அவர்கள் வழியாக வந்ததில்லை என்றாலும் எனக்கு அவர்கள் நினைவுதான் வந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், மேசை இழுப்பறையில், சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த பழைய டிஜிட்டல் டைரி, பாம், அபூர்வமாக ஒரு சிம்ப்யூட்டர் கிடக்கலாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். இன்னும் உயிர் இருந்தால் முதலில் உள்ளே இருக்கிற பெயர்களையும் குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகு செல்லைக் கழற்றிவிடுங்கள். கசிந்த செல் உள்பலகையை அரித்துவிடும். செல்லை முதலில் கழற்றினால் பெயர்கள் போய்விடும். இந்த வரிசை மாறக்கூடாது.

(தொடரும்)